வலிக்காத பல்லைக் காட்டப் போங்கள்: தோட்டத்துப் பட்டணத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக் கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தியிருப்போம். கையில் பிளாஸ்டிக் குவளையும் பிரஷும். பள்ளிக்கு வரும் பல் தாதியான பல் மிசி முன்னால் நின்று, ஒரு பெரிய பொம்மைப் பல்செட்டைக் காட்டி "மேலே, கீழே, உள்பக்கம்" என்று சொல்லச் சொல்ல நாங்கள் தேய்ப்போம். எல்லாரும் ஒன்றாகத் துப்பும்போது கால்வாயில் வெள்ளை நுரை ஓடும். ஒருநாள் சிவப்பு மாத்திரை ஒன்றைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். அழுக்கு ஒட்டியிருந்த இடமெல்லாம் சிவந்து நின்றது. என் கீழ்ப்பற்களின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. அன்றைக்குத்தான் அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

நம் மலேசியாவில் இந்தப் பல் மிசிகளுக்கு 1949-லிருந்தே பினாங்கில் பயிற்சி கொடுத்து வருகிறார்கள். அவர்கள்தான் நாற்காலியையும் கருவிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிகளுக்கும் வந்தார்கள். பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று எந்தத் தோட்டத்துப் பள்ளியில் படித்தவரைக் கேட்டாலும் பல் மிசிக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்த கதை ஒன்று வைத்திருப்பார்.

பள்ளியை விட்ட பிறகு நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. பதினேழு வயதில் கடைசியாக வாயைத் திறந்து காட்டியவர், அடுத்து நாற்காலியில் உட்காருவது முப்பத்தைந்தில், கன்னம் வீங்கி, "பிடுங்கிவிடுங்கள்" என்று சொல்லத்தான். இடையில் போன அந்தப் பதினெட்டு வருஷத்தில்தான் நம் மக்களின் பற்கள் போகின்றன. தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்குக் குடி வந்து, கிளினிக் பத்து நிமிடத் தொலைவில் இருக்கும்போதும் இதுதான் நிலைமை. அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். பல் மருத்துவர் முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆன ஒருவர் எங்கிருந்து தொடங்குவது, எதைக் கேட்பது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வலி ஏன் கடைசியில் வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அது கரைந்தாலும் நமக்குத் தெரியாது. வாயில் இருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சீனியைத் தின்று அமிலமாக்குகின்றன. பல்லின் மேல் படிந்த அழுக்கில், அமிலம் ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருக்கும் சுண்ணச்சத்து கரையத் தொடங்கும். எச்சில் வந்து அதைச் சரிக்கட்ட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குள் இன்னொரு வாய் சீனி போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

என் அப்பா பால்மரம் சீவியவர். விடியுமுன் கிளம்பும்போது ஒரு போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணியைக் கட்டிக்கொண்டு போவார். பத்து மரத்துக்கு ஒரு மடக்கு, களைத்தால் ஒரு மடக்கு என்று வேலை முடியும்வரை குடிப்பார். மொத்தத்தில் அது இரண்டு குவளைத் தேத்தண்ணிதான். ஒரே மூச்சில் குடித்திருந்தால் பல்லுக்கு அரை மணி நேரப் பாதிப்போடு போயிருக்கும். காலை முழுக்க மடக்கு மடக்காகக் குடித்ததால் ஆறு மணி நேரமும் அவர் பற்கள் அமிலத்தில் ஊறின. ஐம்பது வயதுக்குள் மேல்வரிசை முழுதும் போய்விட்டது. "எங்க பரம்பரைக்கே பல்லு சொத்தை" என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் போத்தலுக்குப் பதில், தொழிற்சாலை மேசையில் திரீ-இன்-ஒன் கோப்பி, லாரியில் பாக்கெட் கட்டிய தே தாரிக். சங்கதி அதேதான்.

கரைதல் தொடங்கிய இடத்தில் முதலில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைப் புள்ளி வரும். இந்தக் கட்டத்தில் ஓட்டை இல்லை. ஃப்ளோரைடு பூசினால், சீனியைக் கட்டுப்படுத்தினால், அந்த இடம் மறுபடி இறுகிவிடும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பல்லைக் காயவைத்து, நல்ல வெளிச்சத்தில், பழகிய கண் பார்க்க வேண்டும். எனாமலைத் தாண்டி உள்பகுதிக்குப் போனால் குளிர்ந்தது பட்டால் கூசும். இப்போதும் ஒரே தடவை உட்கார்ந்து அடைத்துவிடலாம். பல்லின் நடுவில் இருக்கும் நரம்பைத் தொட்ட பிறகுதான் ராத்தூக்கத்தைக் கெடுக்கும் வலி. அப்போது மிஞ்சுவது இரண்டே வழி: வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பிடுங்குவது.

அதைவிட மோசமானது வலி நிற்பது. எனக்கு இருபத்து மூன்று வயதில் கீழ்க்கடைவாய்ப்பல் ஒரு வாரம் உயிரை எடுத்தது. கிராம்பு வைத்தேன், பனடோல் விழுங்கினேன். எட்டாம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்பது அப்போது தெரியாது. செத்த நரம்பின் வழியாகக் கிருமி வேருக்கடியில் இறங்கி, இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் விடிந்தபோது ஒரு கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. அந்தப் பல் இன்று இல்லை. அந்த இடத்தை நாக்கு இன்னும் தேடிப் போகிறது.

ஈறு நோய் இதைவிடச் சத்தமில்லாதது. பல்லில் ஒட்டும் மென்மையான அழுக்கு நாள்பட இறுகிக் கல்லாகிறது. மலாயில் 'காராங் கிகி' என்பார்கள், பவளப்பாறை மாதிரி. அதை எந்தப் பிரஷும் எடுக்காது. அதன் ஓரத்தில் ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் வரும். பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலி கிடையாது. நல்ல பல், ஓட்டையே இல்லாத பல், ஒருநாள் ஆடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. துலக்கும்போது ரத்தம் வந்தால் "பிரஷ் குத்திவிட்டது" என்று விடாதீர்கள். ஆரோக்கியமான ஈறில் ரத்தம் வராது.

முதலில் வீட்டுக் கண்ணாடி

கிளினிக்குக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் வாயை நீங்களே பாருங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். கைப்பேசி விளக்கே போதும். பல்செட் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு தொடங்குங்கள்.

உதட்டை மடக்கி உள்பக்கம் பாருங்கள். கன்னத்தை விரலால் விலக்கி, இரண்டு பக்கமும், கடைவாய் வரைக்கும் பாருங்கள். நாக்கை நீட்டி மேல்பக்கம், பிறகு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும். நாக்கைத் தூக்கி அடிப்பக்கம். தலையைச் சாய்த்து அண்ணம். கடைசியில் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

தேட வேண்டியவை: சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், காரணமில்லாத கட்டி, மரத்துப்போன இடம், முன்பு போல வாய் திறக்க முடியாத இறுக்கம். சிவப்புத் திட்டு வெள்ளைத் திட்டைவிட ஆபத்தானது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வழக்கமான தேதிக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாததாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் வீடுகளின் வெற்றிலைப் பெட்டி. மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் வாய்ப் புற்றுநோய் அதிகம் வருவது இந்தியர்களுக்குத்தான். வெற்றிலை போடும் பழக்கம் அதற்கு ஒரு பெரிய காரணம். புகையிலை சேர்க்காவிட்டால் கெடுதல் இல்லை என்று நம் பாட்டிகள் நம்பினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு மட்டுமேகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தாம்பூலத் தட்டு நம் மங்கலப் பொருள். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினம் கன்னத்தில் அடக்கி வைத்து ஊறவிடுவதுதான் ஆபத்து. வெற்றிலையோடு சிகரெட்டும் மதுவும் சேர்ந்தால் அது பல மடங்காகும்.

தேதி வாங்குவது

அரசாங்கப் பல் கிளினிக்கின் மலாய்ப் பெயர் 'கிளினிக் பெர்கிகியான்'. சுங்கை சிப்புட்டிலேயே ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் சுகாதாரக் கிளினிக் வளாகத்துக்குள்ளேயே இருக்கலாம். ஐ.சி. (அடையாள அட்டை) மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் மிகக் குறைவு. ஒரு பாக்கெட் கோப்பி விலைகூட வராது.

வலியோடு போகிறவரை அன்றைக்கே பார்ப்பார்கள். வெறும் பரிசோதனைக்கும் பல் சுத்தம் செய்யவும் தேதி கொடுப்பார்கள், அது சில மாதம் தள்ளியும் இருக்கலாம். இங்கேதான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். "மூணு மாசம் கழிச்சு வரச் சொல்றான், அதுக்குள்ள பல்லே விழுந்திடும்" என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தத் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் எப்படியும் ஓடிவிடும். தேதி வாங்கியவர் அன்று நாற்காலியில் இருப்பார், வாங்காதவர் அடுத்த வலிக்குத்தான் வருவார். சில கிளினிக்குகளில் அரசாங்கத்தின் மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலி வழியாகவும் தேதி எடுக்கலாம். நேரில் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும்.

தனியார் கிளினிக்கில் உடனே பார்ப்பார்கள். பல் சுத்தம் செய்ய 100 வெள்ளிக்கு முன்பின் ஆகும். அது பெரிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டு வேர் சிகிச்சையும் பல்மூடியும் என்று போனால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்.

தினச் சம்பளக்காரர்கள் சொல்வது, "லீவு போட்டா சம்பளம் போயிடும்." பரிசோதனைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, கிளினிக்குக்கு வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப் வாங்கி வந்து காட்டுங்கள். பல் பிடுங்கியோ வீங்கியோ வேலை செய்ய முடியாமல் போனால், பல் மருத்துவர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டான எம்.சி.யும் செல்லும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலேயே அது எழுதியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் என்ற நோய் விடுப்பில் இதுவும் சேரும். "பல்லுக்கெல்லாம் எம்.சி. கிடையாது" என்று மண்டோரோ சூப்பர்வைசரோ சொன்னால் நம்பாதீர்கள்.

மலாய் சரளமாக வராத பெரியவர்கள் வாய் திறக்கவே கூச்சப்படுவார்கள். அவர்களுக்கு இந்த ஆறு சொல் போதும். ஈறு என்றால் 'குசி', வீக்கம் 'பெங்காக்', ஆடுகிறது 'கோயாங்', கூசுகிறது 'ஙிலு', ஓட்டை 'லுபாங்', அடைப்பது 'தம்பால்'. 'ச்சாபுட்' என்றால் பிடுங்குவது. அந்த ஒரு சொல்லைத்தான் நம் ஆட்கள் எல்லாரும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லுமுன் "தம்பால் போலே கா?" என்று கேளுங்கள், அடைக்க முடியுமா என்று.

நாற்காலியில் என்ன நடக்கும்

முதலில் கேள்விகள். சாப்பிடும் மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, இருதய வால்வுக் கோளாறு, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, கர்ப்பம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பல்லுக்குப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது. வெற்றிலை, சிகரெட், மதுப் பழக்கத்தைக் கேட்பார்கள். மறைக்காதீர்கள். அவர்கள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, கன்னத்தில் எந்த இடத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள்.

பிறகு சிறு கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாக. அதோடு நாக்கு, கன்னம், அண்ணம். அடுத்து, நுனியில் சிறு குண்டும் கோடுகளும் உள்ள மெல்லிய குச்சி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்பார். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைப் பக்கத்தில் இருக்கும் மிசியிடம் சொல்வார். காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 0 என்றால் நல்ல ஈறு. 1 ரத்தம் கசிகிறது. 2 கல் படிந்திருக்கிறது. 3 என்றால் ஈறு பல்லை விட்டு 4, 5 மில்லிமீட்டர் விலகிவிட்டது. 4 என்றால் அதைவிட ஆழம், எலும்பு நன்றாகக் கரைந்திருக்கிறது. வெளியே வரும்போது "என் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். இனிப்புநீர்க்காரர் ரத்தச் சர்க்கரை எண்ணை ஞாபகம் வைத்திருப்பது போல இதையும் வைத்திருக்கலாம். அடுத்த தடவை போகும்போது முன்னேற்றமா, சரிவா என்று உங்களுக்கே தெரியும்.

பற்களின் நடுவில் ஒளிந்திருக்கும் ஓட்டையைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். சின்னப் படம் ஒன்றின் கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையாகவே நம் மேல் படுவதைத் தாண்டாது.

இனிப் பல் சுத்தம். இதற்குத்தான் நம் ஊரில் பயம் அதிகம். "சுரண்டினா பல்லு ஆடும், இடைவெளி விழும்" என்று சொல்லாதவர் இல்லை. நான் முதல் தடவை சுத்தம் செய்யப் போனது முப்பத்தொரு வயதில். இளம் டாக்டர், நம்மவர் இல்லை. "காலாவ் சாகிட், ஆங்காட் தாங்ஙான்" என்றார், வலித்தால் கையைத் தூக்கு என்று. அதிரும் கருவி, பீய்ச்சும் தண்ணீர், உறிஞ்சும் குழாயின் சத்தம். கையைத் தூக்கவே இல்லை. கூச்சம்தான், வலி இல்லை. நடுவில் கீழ்ப்பல்லின் பின்னாலிருந்து பெயர்ந்து வந்த ஒரு துண்டை டாக்டர் தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தேன். மங்கிய பழுப்பு நிறத்தில், உடைந்த அரிசி அளவு, ஒரு பக்கம் பல்லின் வளைவு அப்படியே அச்செடுத்தது போலிருந்தது. பள்ளியில் அந்தச் சிவப்பு மாத்திரை காட்டிக்கொடுத்த அதே இடம்.

வெளியே வந்ததும் நாக்கால் தடவினால் இடைவெளிகள் தட்டுப்பட்டன. பயந்துபோய்த் திரும்பி உள்ளே போய்க் கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: அந்த இடத்தை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது கல். கல்லுக்கடியில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கிவிட்டன. கல்லை எடுத்ததால் இடைவெளி தெரிகிறது, விழவில்லை. கல்தான் பல்லைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்து விட்டுவைத்தால், எலும்பு இன்னும் இறங்கும். இரண்டு மூன்று நாள் கூசும், துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், பிறகு ஈறு இறுகிவிடும். எனக்கும் அப்படியே ஆனது.

அடுத்தது எப்போது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று எல்லாரும் சொல்வோம். மோசமான வழக்கமில்லை, ஞாபகம் வைக்கவும் சுலபம். ஆனால் எல்லா வாய்க்கும் ஒரே கணக்கு கிடையாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை, ஆளுக்கு ஆள் மாற்றி வைக்கச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. டாக்டரிடமே கேளுங்கள்: "என் வாய்க்கு எப்ப திரும்ப வரணும்?" என் கருத்தைக் கேட்டால், பல வருஷம் விட்டுப்போனவர் முதல் இரண்டு வருஷமாவது ஆறு மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அடிக்கடி போக வேண்டியவர்களில் முதலிடம் இனிப்புநீர்க்காரர்களுக்கு. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் இறங்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் வாயைக் காட்டியிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கும் காலுக்கும் வருஷாவருஷம் பரிசோதனைக்குப் போகிறோம், பல்லும் அந்த வரிசையில் சேர வேண்டியதுதான்.

வெற்றிலை போடுகிறவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள், 3, 4 என்ற எண் வந்தவர்கள் இவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கு ஈறு சுலபமாக வீங்கி ரத்தம் வரும். தாய்சேய் கிளினிக்கிலிருந்தே பல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். "வயித்துல பிள்ளை இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது" என்று அத்தை சொல்வதைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். நான்கிலிருந்து ஆறாம் மாதம்வரை நாற்காலியில் படுக்க வசதியான காலம். பல்லே இல்லாதவர்கள்கூட வருஷத்துக்கு ஒருமுறை போக வேண்டும், ஈறும் கன்னமும் நாக்கும் இருக்கின்றனவே.

பிள்ளைகளுக்கு

முதல் பல் ஆறு மாதத்தில் முளைக்கும். ஒரு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். பாட்டி மடியில் உட்கார்ந்து பல் மிசியைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, ஏழு வயதில் கழிவறையில் ஒளியாது. பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள். சுசுப்பால் (சீனி சேர்த்த கட்டிப்பால்) கலந்த போத்தல் என்றால் முன்பற்கள் நான்கும் இரண்டு வயதுக்குள் கருகிவிடும்.

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். நம்மில் பலர் அதைப் பால்பல் என்று நினைத்து, சொத்தையானாலும் "விழுந்து முளைச்சிடும்" என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் முளைக்காது. இந்த ஒரு பல்லைக் காப்பாற்ற அதன் மேல்பள்ளங்களை மூடும் பூச்சு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பள்ளியில் பல் மிசிகள் கொடுக்கும் அனுமதிப் பாரத்தில் கையெழுத்துப் போடாமல் பையிலேயே கசங்கவிடும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இலவசமாக வாசலுக்கு வரும் வைத்தியம் அது.

வீட்டில் செய்வது

சுருக்கமாகவே சொல்கிறேன், இது எல்லாருக்கும் பாதி தெரிந்ததுதான். காலையிலும் படுக்கப் போகுமுன்னும் துலக்குங்கள். இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தால் காலையை விடுங்கள், இரவை விடாதீர்கள், தூங்கும்போது எச்சில் குறைவு. பற்பசையின் அட்டையில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.முக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிடுகிறோம். பற்களின் நடுவே நூலோ சின்ன பிரஷோ விடுங்கள். கரியும் உப்பும் வைத்துத் தேய்த்த காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு ஒன்று: கரி எனாமலைத் தேய்க்கும், அதில் ஃப்ளோரைடும் இல்லை.

குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்ப்பது இந்த நாட்டில் 1972-லிருந்து அரசாங்கக் கொள்கை. கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருந்த அந்நாள் தோட்டத்து லயங்களுக்கு அது எட்டவில்லை. இப்போது தாமானில் குழாய் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆர்.ஓ. வடிகட்டி பொருத்தியிருந்தால் அது ஃப்ளோரைடையும் எடுத்துவிடும், பற்பசையை இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

வலிக்கும் பல்லின் ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைக்காதீர்கள், சதை வெந்துபோகும். தாடைக்கடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், காய்ச்சலும் சேர்ந்தால், காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

யாரிடம் வாயைத் திறப்பது

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் முகநூலிலும் மலிவாகப் பிரேஸ் கட்டுகிறேன், வீட்டுக்கே வந்து பல்செட் வைக்கிறேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தாமானில் ஒரு பெண் இப்படிக் கட்டிக்கொண்டு, பசை ஈறில் இறங்கி, கடைசியில் கழற்றவே கிளினிக்குக்குப் போக வேண்டி வந்தது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு இல்லாமல் பல் வைத்தியம் பார்ப்பவருக்கு 300,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு வருஷம் வரை சிறை அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கிளினிக்குக்குள் நுழைந்தால் சுவரில் டாக்டரின் ஆண்டுப் பயிற்சிச் சான்றிதழ் மாட்டியிருக்கும். அதில் இந்த வருஷம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிப் படி, கஷ்டமான படி

நீங்கள் போய்வந்த பிறகு, வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். எனக்கு அது என் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் வெற்றிலை போட்டவர். "எனக்கு என்ன வலிக்கவா செய்யுது?" என்று மூன்று தடவை தட்டிக்கழித்தார். நான்காம் தடவை, எனக்குத் துணைக்கு வா என்று சொல்லி அழைத்துப் போய், அங்கேயே அவருக்கும் தேதி வாங்கினேன்.

அவருடைய தேதி வந்தபோது, டாக்டர் இடது கன்னத்தின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். வெற்றிலையை அடக்கும் இடம். அஞ்சு காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அம்மாவுக்கு அது இருந்ததே தெரியாது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாய் அறுவைப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை நாங்கள் இருவருமே சரியாகத் தூங்கவில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் மாறக்கூடியது, வெற்றிலையை நிறுத்த வேண்டும், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

அம்மா அன்றிரவு வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் மாதம் கை அதைத் தேடிப் போகும், பாதியில் நின்று ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். இப்போது அந்தப் பெட்டியில் கிளினிக் அட்டை இருக்கிறது. அடுத்த தேதி வரும் புதன்கிழமை, காலை எட்டரை மணிக்கு.